மணியோசை முன்னே: புதுக் காமிக்ஸை வாசகரிடம் கொண்டுபோகும் வழி

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். காமிக்ஸ் பதிப்பில் அந்த மணியோசைக்குத் தொண்ணூறு நாள் கணக்கு உண்டு. கடலூரிலோ புதுச்சேரியிலோ இருந்துகொண்டு 64 பக்கக் காமிக்ஸ் ஒன்றைச் சொந்தமாக 500 பிரதி போட்டு விற்க நினைப்பவருக்கான வழிகாட்டி இது. கதை கட்டுவதும் படம் வரைவதும் தெரிந்தவர் என்றே வைத்துக்கொள்வோம். புத்தகம் கைக்கு வருமுன் அதை யாரிடம், எப்போது, எதைக் காட்டிச் சொல்வது என்பதுதான் இங்கே விஷயம்.

அறிவிப்பு என்பது தேதி போட்டுக் கொடுக்கிற வாக்கு. காமிக்ஸ் வாசகர் அதை மறப்பதில்லை. அட்டையைக் காட்டிவிட்டு ஆறு மாதம் இழுத்தால் அடுத்த புத்தகத்துக்கும் சேர்த்து நம்பிக்கை போய்விடும். ஆகவே முதல் விதி: மொத்தப் பக்கங்களில் மூன்றில் இரண்டு பங்கு மை தீட்டி முடியும்வரை எதையும் வெளியே சொல்லாதீர்கள். 64 பக்கம் என்றால் 42, 43 பக்கமாவது கையில் இருக்க வேண்டும். பென்சில் நிலையில் இருப்பதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். தாமதம் எல்லாம் பென்சிலுக்கும் மைக்கும் நடுவில்தான் வருகிறது.

நாளைக் குறியுங்கள், பின்னோக்கி எண்ணுங்கள்

இந்தப் பகுதியில் புதுப் புத்தகத்துக்கு நல்ல காலம் ஜூலை. நெய்வேலிப் புத்தகக் கண்காட்சி வழக்கமாக ஜூலையில் நடக்கும். கடலூர், புதுச்சேரி, விருத்தாசலம், சிதம்பரம் என்று நாலு பக்கத்திலிருந்தும் குடும்பத்தோடு ஆட்கள் வருவார்கள். அடைமழையும் இருக்காது. ஜூலை முதல் சனிக்கிழமையை வெளியீட்டு நாளாக வைத்தால் ஏப்ரல் தொடக்கத்தில் முதல் அறிவிப்பு போக வேண்டும். பள்ளித் தேர்வு முடிந்து பிள்ளைகள் விடுமுறையில் இருக்கும்போது அட்டைப்படமும், பள்ளி திறக்கும் சமயத்தை ஒட்டி மாதிரிப் பக்கங்களும் வெளியாகும்படி திட்டமிடலாம்.

நவம்பர், டிசம்பரைத் தவிர்ப்பது நல்லது. 2011 டிசம்பர் 30 அன்று தானே, 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் என்று புயல்கள் கரை கடந்தது இந்தக் கரையில்தான். புயல் வராத ஆண்டிலும் அடைமழையில் பார்சல் நனையும், தெரு விற்பனை நின்றுபோகும். ஜனவரியில் சென்னைப் புத்தகக் கண்காட்சியைப் பிடிக்க நினைப்பவர்கள் அச்சு வேலையை அக்டோபர் நடுவிலேயே முடித்துவிட வேண்டும். சிவகாசியில் அச்சடிப்பதாக இருந்தால் ஆண்டுக் கடைசியில் காலண்டர், டைரி வேலைகள் வந்து நிற்கும். கோடையில் நோட்டுப் புத்தக வேலை. எந்த மாதமானாலும் அச்சகத்தில் முன்பணம் கொடுத்து நாளை உறுதி செய்த பிறகே தேதியைச் சொல்லுங்கள்.

அமெரிக்காவில் இந்த வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்வது பயன்படும். அங்கே பதிப்பகங்கள் வெளியீட்டுக்கு ஏறத்தாழ மூன்று மாதம் முன்பே அட்டை, கதைச்சுருக்கம், விலை ஆகியவற்றை விநியோகஸ்தரின் பட்டியலில் போட்டுவிடும். காமிக்ஸ் கடைக்காரர் அதைப் பார்த்து எத்தனை பிரதி வேண்டும் என்று எழுதுவார். 1973 வாக்கில் உருவான இந்த நேரடிச் சந்தையில் கடைக்காரருக்குக் கழிவு (விலையில் தள்ளுபடி) அதிகம். விற்காத பிரதியைத் திருப்பித் தரவும் முடியாது. அதனால் அவர் யோசித்துத்தான் எழுதுவார். எண்ணிக்கையை மாற்றிக்கொள்ள இறுதி நாள் ஒன்று உண்டு. அது விற்பனைக்குச் சுமார் மூன்று வாரம் முன்னால் வரும். பெரிய செய்தி, மாதிரிப் பக்கம், பேட்டி எல்லாமே அந்த இறுதி நாளுக்கு முன்பாக வந்து விழும்படி வைப்பார்கள். அதற்குப் பிறகு எழும் ஆர்வம் அச்சு எண்ணிக்கையில் ஏறாது என்பதே காரணம்.

நமக்கும் அப்படி ஓர் இறுதி நாள் தேவை. வெளியீட்டுக்கு 25 நாள் முன்னால் முன்பதிவை மூடுங்கள். அன்று வந்து நிற்கும் எண்ணிக்கையை வைத்துத்தான் அச்சுக்குப் பிரதி சொல்ல வேண்டும்.

எதைக் காட்டுவது

நான்கு பொருள்கள் போதும்: அட்டைப்படம், ஐந்து மாதிரிப் பக்கம், நாயகனோ வில்லனோ தனித்து நிற்கும் ஒரு படம், ஒரு தகவல் அட்டை.

தகவல் அட்டையைத்தான் புதியவர்கள் அலட்சியம் செய்கிறார்கள். தமிழ்க் காமிக்ஸ் வாசகர் கதை என்ன என்று கேட்குமுன் கேட்பது வேறு: எத்தனை பக்கம், கலரா கறுப்பு வெள்ளையா, என்ன சைஸ், ஆர்ட் பேப்பரா, சென்டர் பின்னா (நடுவில் கம்பி அடித்ததா) பெர்ஃபெக்ட் பைண்டிங்கா (முதுகில் பசை ஒட்டியதா), தபால் செலவு சேர்த்து எவ்வளவு? இவை அத்தனைக்கும் ஒரே படத்தில் பதில் இருக்கட்டும். ஒன்றை விட்டால் அதையே நூறு பேர் தனித்தனியாகக் கேட்பார்கள். பதில் சொல்லச் சொல்ல ஒருவருக்கு ஒரு விலையும் இன்னொருவருக்கு வேறு விலையும் போய்ச் சேரும்.

அட்டைக்கு இரண்டு சோதனை. முதலாவது, படத்தைக் கைபேசியில் கட்டைவிரல் நக அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். தலைப்பு படிக்க வருகிறதா? தமிழ் எழுத்தில் ண, ஞ, ழ போன்றவற்றின் சுழிகள் சின்னவை. தலைப்புக்குத் தடித்த கறுப்புக் கோடு போட்டு அழகு பார்க்கும்போது அந்தக் கோடு உள்பக்கமாகவும் பரவிச் சுழியை அடைத்துவிடும். கோடு எழுத்துக்கு வெளியே மட்டும் விழும்படி வையுங்கள். தலைப்பு மூன்று சொல்லைத் தாண்ட வேண்டாம். இரண்டாவது, அட்டையின் மேல் நான்கு விரல் அளவை மட்டும் விட்டு மற்றதை ஒரு தாளால் மறையுங்கள். பெட்டிக்கடையில் இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கும்போது கண்ணுக்குத் தெரிவது அவ்வளவுதான். கண்காட்சி மேசையில் அடுக்கி வைத்தாலும் அதே கதை. தலைப்பும் ஒரு முகமும் அந்த நான்கு விரலுக்குள் வந்துவிட வேண்டும்.

மாதிரிப் பக்கங்களைக் கதையின் முதல் மூன்றில் ஒரு பங்கிலிருந்தே எடுங்கள். அடுத்தடுத்து வருகிற ஐந்து பக்கமாக இருக்கட்டும். அங்கொன்றும் இங்கொன்றுமாக அழகான படத்தைப் பொறுக்கிக் கொடுத்தால் வாசகருக்கு ஓவியம் தெரியும், கதை ஓடும் வேகம் தெரியாது. ஐந்தாவது பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் ஒரு கதவு திறக்கட்டும், யாரோ திரும்பிப் பார்க்கட்டும். அதற்கு அடுத்த பக்கத்தைத் தரக்கூடாது.

இந்த ஐந்து பக்கத்தை அப்படியே கைபேசிக்கு அனுப்புவது பெரிய தவறு. அச்சில் 8 பாயிண்டில் இருக்கும் வசனம் கைபேசித் திரையில் எறும்பு வரிசை போல் ஆகிவிடும். பக்கத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, இரண்டு மூன்று கட்டத்துக்கு ஒரு படம் என்று 1080க்கு 1350 பிக்சலில் தனியாகத் தயாரியுங்கள். ஐந்து பக்கம் பத்துப் பன்னிரண்டு படமாக வரும். வாசகர் விரலால் தள்ளித் தள்ளிப் படிப்பார். அச்சுக்கு வைத்திருக்கும் சிஎம்ஒய்கே (அச்சு மை நிறங்கள்) கோப்பையும் அப்படியே ஏற்றாதீர்கள். சில செயலிகளில் நீலம் கூசும், தோல் நிறம் வெளிறும். திரைக்கு ஆர்ஜிபியில் (திரை நிறங்கள்) ஒரு பிரதி, அச்சுக்கு 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதல் விட்டு ஒரு பிரதி என்று இரண்டு அடைவுகளாக வைத்துக்கொள்ளுங்கள். பதிப்பகத்தின் பெயரைக் கட்டங்களுக்கு நடுவிலுள்ள வெள்ளை இடைவெளியில் சின்னதாகப் போடலாம். முகத்தின் குறுக்கே போட்டால் படத்தைப் பகிர யாருக்கும் மனம் வராது.

தமிழ் எழுத்துருவில் இன்னொரு பொறி இருக்கிறது. சில வடிவமைப்பு மென்பொருள்களில் ‘வேர்ல்டு ரெடி காம்போசர்’ என்கிற அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறும். ‘கொலை’ என்று அடித்தது கொம்பு பின்னால் போய் உடைந்து நிற்கும். அனுப்புமுன் கெ, கே, கொ, கோ, கை வரும் ஒவ்வொரு சொல்லையும் கண்ணால் பாருங்கள். அச்சகத்துக்குப் போகும் கோப்பில் எழுத்துகளை அவுட்லைனாக (வெறும் வடிவக் கோடுகளாக) மாற்றிவிடுங்கள். அங்கே உங்கள் எழுத்துரு இல்லையென்றால் வசனம் முழுக்கக் கட்டம் கட்டமாக வரும்.

மொழிபெயர்ப்புக் காமிக்ஸ் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆல்பங்கள் (காமிக்ஸ் புத்தகங்கள்) கைக்கு எட்டும் தூரத்தில் கிடைக்கின்றன. ஸ்கேன் செய்து ‘விரைவில் தமிழில்’ என்று போட ஆசை வரும். ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் ஒரு கட்டத்தைக்கூடப் போடாதீர்கள். உரிமை கொடுப்பவர் அட்டையையும் விளம்பரப் படங்களையும் தன் ஒப்புதலுக்கு அனுப்பச் சொல்வது வழக்கம். பதில் வர இரண்டு மூன்று வாரம் ஆகலாம். அந்த நாட்களைத் தொண்ணூறில் சேர்க்காமல் தனியாக முன்னால் வையுங்கள்.

யாரிடம் சொல்வது

சிவகாசியிலிருந்து 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸும் 1984இல் தொடங்கிய லயன் காமிக்ஸும் அடுத்த வெளியீட்டு விளம்பரம், வாசகர் கடிதம், சந்தா ஆகிய மூன்றையும் வைத்தே தலைமுறை தலைமுறையாக வாசகரைக் கட்டிப் போட்டன. கையிலிருக்கும் இதழைப் படித்து முடித்தவரிடம்தான் அடுத்ததைச் சொல்ல வேண்டும் என்பது அதன் சாரம். உங்களிடம் இன்னும் இதழே இல்லை. ஆகவே பெயர்ப் பட்டியலிலிருந்து தொடங்க வேண்டும்.

வாட்ஸ்அப்பில் ஒளிபரப்புப் பட்டியல் ஒன்றில் 256 பேர்வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தம் கைபேசியில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அந்தச் செய்தி போகும். இது தெரியாமல் 200 எண்ணுக்கு அனுப்பிவிட்டு நான்கு பதில் வந்தது என்று சோர்ந்து போகிறவர்கள் நிறையப் பேர். ஆகவே எந்த நோட்டீஸிலும் ‘இந்த எண்ணைச் சேமித்து, காமிக்ஸ் என்று ஒரு சொல் அனுப்புங்கள்’ என்றே போடுங்கள். எண் சேமிக்கப்படும், அவராக விரும்பி வந்தார் என்பதும் உறுதியாகும். குழு தொடங்குவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. எல்லாருடைய எண்ணும் எல்லாருக்கும் தெரியும். பெண்களும் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோரும் அதற்காகவே வெளியேறிவிடுகிறார்கள்.

தொண்ணூறு நாளில் பதினொரு செய்திக்கு மேல் வேண்டாம். முதல் வாரம் தலைப்பும் ஒரு படமும். மூன்றாம் வாரம் பாத்திரம். ஐந்தாம் வாரம் அட்டை. ஆறாம் வாரம் தகவல் அட்டையும் முன்பதிவுத் திறப்பும். ஏழாம் வாரத்திலிருந்து மாதிரிப் பக்கங்களை இரண்டு தவணையாகக் கொடுங்கள். முன்பதிவு மூடுவதற்கு மூன்று நாள் முன்பு ஒன்று, முந்தின நாள் மாலை ஒன்று. பிறகு அச்சகத்திலிருந்து தாள் வெளிவரும்போது ஒரு புகைப்படம், கட்டு வந்து இறங்கியதும் ஒன்று, வெளியீட்டு நாளன்று ஒன்று. அட்டையும் முன்பதிவும் ஒரே நாளில் போகக்கூடாது. அட்டையைப் பார்த்து ஒரு வாரம் பேசிக்கொள்ள இடம் கொடுங்கள்.

முன்கூட்டியே விமர்சனம் வேண்டுமென்றால் பத்துப் பன்னிரண்டு பேருக்குப் பிடிஎஃப் அனுப்பலாம். ஒவ்வொன்றிலும் பெறுபவரின் பெயரை மங்கலாகப் பதித்து அனுப்புங்கள். ‘இந்த நாளுக்கு முன் எழுத வேண்டாம்’ என்று நாளைத் தெளிவாகச் சொல்லுங்கள். பாராட்டச் சொல்லிக் கேட்காதீர்கள். குறை சொன்னாலும் அதுவும் புத்தகத்தைப் பற்றிய பேச்சுதான்.

முன்பதிவுக் கணக்கு

உதாரணமாக விலை 150 ரூபாய் என்று வையுங்கள். கடைக்கு 35 சதவீதக் கழிவு கொடுத்தால் உங்கள் கைக்கு வருவது 97 ரூபாய் 50 காசு. நேரடி முன்பதிவில் 150ம் உங்களுக்கே, தபால் செலவு தனி. 150 பேர் முன்பதிவு செய்தால் 22,500 ரூபாய் அச்சுக்கு முன்பே கையில் இருக்கும். ஆகவே முதல் ஆறு வார உழைப்பு முழுக்க நேரடி வாசகரை நோக்கியே போகட்டும்.

அதற்காக விலையைக் குறைத்து ஆசை காட்டாதீர்கள். கடைக்காரர் மனம் கசந்துபோவார். விலைக்குப் பதில் வேறு ஏதாவது கொடுங்கள். பெல்ஜியக் காமிக்ஸ் நாயகன் டின்டினின் முதல் ஆல்பம் 1930இல் வந்தபோது முதல் 500 பிரதிக்கு எண் இட்டு, டின்டின் பெயரிலும் அவன் நாய் பெயரிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். நாய் பெயரில் கையெழுத்து! செலவு மையும் நேரமும்தான். உங்கள் முதல் 100 பிரதிக்கு 1/100, 2/100 என்று கையால் எண் போட்டு, பாத்திரத்தின் பெயரில் கையெழுத்திடலாம். அல்லது அட்டை ஓவியத்தை ஏ5 அளவில் தனியே அச்சிட்டு உள்ளே வைக்கலாம்.

இரண்டு மூன்று அட்டையோடு போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். 500 பிரதிக்கு வேண்டாம். ஒவ்வொரு கூடுதல் அட்டைக்கும் நான்கு நிறத் தகடு புதிதாகப் போட வேண்டும். இயந்திரம் சீராகும்வரை வீணாகும் தாள் வேறு. அதைவிடப் பெரிய பாடம் 1991இல் அமெரிக்காவில் கிடைத்தது. மார்வெல் நிறுவனத்தின் எக்ஸ்-மென் முதல் இதழ் ஐந்து அட்டைகளோடு வந்து எண்பது லட்சத்துக்கு மேல் போனது. ஒரே ஆள் ஐந்தையும் வாங்கிப் பெட்டியில் வைத்தார், விலை ஏறும் என்று. ஏறவில்லை. சேகரிப்பாளர்கள் விலக, கடைகள் வரிசையாக மூடின. 1996 டிசம்பரில் மார்வெலே திவால் மனு போட்டது. படிக்கிறவரை எண்ணி அச்சிடுங்கள்.

முன்பதிவுப் படிவத்தில் ஆறு தகவல் போதும்: பெயர், முழு முகவரி, பின்கோடு, கைபேசி எண், எத்தனை பிரதி, யுபிஐயில் பணம் அனுப்பிய 12 இலக்கப் பரிவர்த்தனை எண். பணம் வந்ததை அன்றன்று இரவே வங்கிக் கணக்கோடு ஒப்பிட்டுக் குறியிடுங்கள். வாரக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், கணவர் பெயரில் படிவம், மனைவி கணக்கிலிருந்து பணம் என்று பொருந்தாமல் இருபது முப்பது தேங்கும். பின்கோட்டையும் சரிபாருங்கள். கடலூரிலேயே மஞ்சக்குப்பம் 607001, திருப்பாதிரிப்புலியூர் 607002, முதுநகர் 607003. ‘பாண்டி’ என்று மட்டும் எழுதியிருந்தால் கேட்டுக்கொள்ளுங்கள். ஊரை ஒட்டியிருக்கிற கோட்டக்குப்பம் விழுப்புரம் மாவட்டம். காரைக்கால்காரரும் மாநிலம் புதுச்சேரி என்றே எழுதுவார்.

தெருவில்

திரையில் சொன்னது பாதிதான். கையில் வாங்கிப் பார்த்ததைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். இந்த ஊர்ப் பழக்கத்தில் அதற்கு இடமும் இருக்கிறது. 1908இல் புதுச்சேரிக்கு வந்த ‘இந்தியா’ வார இதழில் பாரதியார் கருத்துப்படங்களைப் போட்டு வாசகரை ஈர்த்த ஊர் இது.

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் மாலை ஆறு மணிக்கு மேல் வாகனம் கிடையாது, குடும்பங்கள் நடந்து போகும். ஞாயிறன்று மகாத்மா காந்தி வீதிச் சந்தையில் கூட்டம் அலைமோதும். கடலூரில் சில்வர் பீச். இங்கெல்லாம் நோட்டீஸ் கொடுத்தால் பத்தடி தள்ளிக் கீழே கிடக்கும். நோட்டீஸுக்குப் பதில் எட்டுப் பக்கக் குட்டிக் காமிக்ஸ் கொடுங்கள். ஒரே ஏ4 தாள், ஒரு பக்க ஜெராக்ஸ், ஒரே ஒரு வெட்டு. பசையும் பின்னும் வேண்டாம்.

செய்முறை இது. தாளை அகலவாட்டில் வைத்து மேலே நான்கு, கீழே நான்கு என்று எட்டுக் கட்டமாகப் பிரியுங்கள். கீழ் வரிசையில் இடமிருந்து வலமாக 6, 7, 8, 1 ஆகிய பக்கங்கள் நேராக. மேல் வரிசையில் இடமிருந்து வலமாக 5, 4, 3, 2 தலைகீழாக. 1 முன்னட்டை, 8 பின்னட்டை. அச்சடித்த பிறகு எட்டுக் கட்டக் கோடுகளிலும் மடித்து விரியுங்கள். இப்போது நடுவிலுள்ள நான்கு கட்டங்களுக்கு இடையே ஓடும் கிடைக்கோட்டை மட்டும், அதாவது இரண்டு கட்ட நீளத்துக்கு மட்டும் வெட்டுங்கள். ஓரங்களை வெட்டக்கூடாது. அச்சு வெளியே தெரியும்படி தாளை நீளவாட்டில் இரண்டாக மடித்து, இரு முனைகளையும் பிடித்து நடுவை நோக்கித் தள்ளினால் வெட்டு வாய் திறந்து கூட்டல் குறி போல் நிற்கும். அதை ஒரு பக்கமாக மடக்கினால் உள்ளங்கை அளவுப் புத்தகம். 

ஜெராக்ஸ் இயந்திரம் தாளின் விளிம்பில் சுமார் 5 மில்லிமீட்டர் அச்சடிக்காது. ஆகவே எழுத்தும் முகமும் அதற்கு உள்ளே இருக்கட்டும். 70 அல்லது 80 ஜிஎஸ்எம் (தாளின் எடையளவு) தாள் போதும். 100க்கு மேல் போனால் மடிப்பு தடித்துப் புத்தகம் மூடாமல் விரிந்து நிற்கும். பக்கத்துக்கு இரண்டு கட்டம், கட்டத்துக்குப் பத்துச் சொல்லுக்குள் வசனம். பின்னட்டையில் விலை, நாள், எண், க்யூஆர் குறியீடு. குறியீடு 2 சென்டிமீட்டருக்குக் குறையக்கூடாது. முதல் பிரதியை எடுத்து மங்கலான வெளிச்சத்தில் இரண்டு மூன்று கைபேசிகளில் ஸ்கேன் செய்து பார்த்த பிறகே மற்றதை அடியுங்கள்.

சுவரொட்டி, ஃப்ளெக்ஸ் இரண்டையும் விட்டுவிடுங்கள். பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கும் சட்டம் தமிழ்நாட்டிலும் உண்டு, புதுச்சேரியிலும் உண்டு. அனுமதி வாங்கும் அலைச்சலுக்கும் செலவுக்கும் 500 பிரதிப் புத்தகம் தாங்காது.

வேடம் போடுவது நல்ல உத்தி. 1930 மே 8 அன்று பிரஸ்ஸல்ஸின் வடக்கு ரயில் நிலையத்தில் சாரணச் சிறுவன் ஒருவனை டின்டின் போல் உடுத்தி, வெள்ளை நாயோடு ரயிலிலிருந்து இறக்கினார்கள். சோவியத் பயணத்திலிருந்து டின்டின் திரும்பி வருகிறான் என்று பத்திரிகையில் முன்பே சொல்லியிருந்ததால் நிலையத்தில் கூட்டம் நெரிந்தது. திருப்பாதிரிப்புலியூர் நிலையத்திலும் இதைச் செய்யலாம் என்று தோன்றும். நடைமேடையில் நிகழ்ச்சி நடத்த ரயில்வே அனுமதி வேண்டும். பள்ளித் தலைமையாசிரியரிடம் எழுத்தில் கேட்டு, மதிய இடைவேளையில் அரை மணி நேரம் நடத்துவது எளிது. அங்கே பணம் வாங்காதீர்கள், குட்டிக் காமிக்ஸை மட்டும் கொடுங்கள். பிள்ளை அதை வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டும்.

கடைக்காரரிடம்

இரண்டு நிபந்தனைகளை எழுதிக் கொண்டுபோங்கள். மொத்தமாகப் பணம் கொடுத்து வாங்கினால் 35 சதவீதக் கழிவு, திருப்பித் தர முடியாது. விற்ற பின் பணம் என்றால் 25 சதவீதம், மீந்ததை வாங்கிக்கொள்வீர்கள். வாய்ப்பேச்சாக விடாமல் சலானில் பிரதி எண்ணிக்கை, நாள், கையெழுத்து இருக்கட்டும். அட்டையின் அச்சு ஒன்றை ஏ4 அளவில் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கல்லாவுக்கு அருகில் மாட்டச் சொல்லுங்கள். முதல் கடைக்குப் பத்துப் பிரதிக்கு மேல் திணிக்காதீர்கள். தீர்ந்துபோய் மறுபடி கேட்கும் கடைதான் அடுத்த முறை தானாக முன்பதிவு எழுதும்.

முன்பதிவு மூடிய அன்று கூட்டுங்கள்: நேரடி முன்பதிவு, கடைகளின் உறுதி, கண்காட்சிக்கு ஒதுக்கியது, அதன்மேல் பத்து சதவீதம். 500 வரவில்லை என்றால் 350 அடியுங்கள். பிரதிக்கு அடக்கம் கூடும், ஆனால் 150 பிரதி வீட்டுப் பரணில் ஈரம் குடித்துக் கிடக்காது.

நாள் தவறினால்

தவறுவது பெரும்பாலும் அட்டையில். கடலோரக் காற்றில் மை காய நேரம் எடுக்கும். காயுமுன் லேமினேஷன் போட்டால் குமிழி தட்டும், பளபளப்பு உரியும். குறைந்தது இரண்டு நாள் காய விடும்படி அச்சகத்தில் கேளுங்கள். ஒரு பக்கம் மட்டும் லேமினேஷன் செய்த அட்டை ஈரம் குடித்தால் மறுபக்கம் விரிந்து வில்லாக வளையும். கட்டுகளைத் தரையில் வைக்காமல் பலகைமேல் வைத்து மேலே பாரம் ஏற்றுங்கள்.

தாமதம் என்று தெரிந்த அன்றே சொல்லிவிடுங்கள். ஒரே செய்தி, மூன்று வரி: எது தாமதம், புது நாள், பணம் திரும்ப வேண்டுமானால் என்ன செய்ய வேண்டும். புது நாளாக அச்சகம் சொல்வதோடு பத்து நாள் கூட்டிச் சொல்லுங்கள். இரண்டாம் முறை தள்ளிப்போனால்தான் கோபம் வரும். பணம் கேட்டவருக்கு அன்றே அனுப்பிவிடுங்கள்.

தபாலில் போகும் பிரதிக்கு இருபுறமும் அட்டைத் துண்டு வைத்து, புத்தகத்தைவிட அரை அங்குலம் பெரிதாக வெட்டி, பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கட்டுங்கள். மூலை மடங்கினால் சேகரிப்பாளர் மனம் ஆறாது. மூலை மடங்காமல் வந்ததை அவரே படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்புவார்.

ஒன்றை மட்டும் அச்சுக்குப் போகுமுன்னே முடிக்க வேண்டும். பின்னட்டையின் உள்பக்கம் அடுத்த வெளியீட்டின் இடம். வெளியீட்டுக்கு 25 நாள் முன்னால் கோப்பு அச்சகத்துக்குப் போகும்போது அடுத்த கதையின் தலைப்பும் ஒரு படமும் அதில் இருக்க வேண்டும். அந்தக் கதையில் நிச்சயமில்லை என்றால் தேதி போடாதீர்கள். உங்கள் கைபேசி எண்ணையும் ‘காமிக்ஸ் என்று ஒரு சொல் அனுப்புங்கள்’ என்ற வரியையும் மட்டும் அங்கே பெரிதாகப் போடுங்கள்.